‘பத்த வச்சாச்சு’ என்ற சொல் பற்றி

என் பெயர், என் கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவை நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் மாற்றம் இல்லை. வயது நாற்பத்தெட்டு. அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறேன். அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் கிடையாது, கூண்டக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஆலைக் கிடங்கு எரிந்தது சம்பந்தமாக ஏற்கெனவே ஒரு முறை என்னை விசாரித்து, நான் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, என் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறார்கள். இன்று என்னை யாரும் அழைக்கவில்லை. யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். யார் என்ன பேசினார்களோ அதைப் பேசியபடியே எழுத வேண்டும், நல்ல தமிழாக மாற்ற வேண்டாம் என்றேன். காரணம் பின்னால் வரும். அடுத்து, என் தங்கையின் கணவரை ‘எதிரி’ என்று எழுத வேண்டாம் என்றேன். குற்றம் சாட்டப்பட்டவரை அப்படி எழுதுவதுதான் நடைமுறை என்று எழுத்தர் சொன்னார். உங்கள் நடைமுறைக்கு அவர் எதிரியாக இருக்கட்டும், எனக்கு அவர் தங்கை வீட்டுக்காரர் என்றேன். விசாரணை அதிகாரி குறுக்கிட்டு, “சரிப்பா, ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்னே எழுதிக்கோ” என்று சொன்னதால் அப்படியே எழுதப்படுகிறது.

எங்கள் ஆலையில் திரும்பிய பக்கமெல்லாம் காகிதம்தான். ஒரு பொறி போதும். ஆகையால் வளாகம் முழுவதும் புகை பிடிக்கத் தடை. வாசல் காவலர் ஒவ்வொருவருடைய பையையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டியோ லைட்டரோ இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்து போகும்போது திருப்பிக் கொடுப்பார். சிகரெட்டை உள்ளே கொண்டுபோகலாம், நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. புகைக்கிறவர்களுக்கென்று பின்பக்க மதிலோரம் ஒரு கொட்டகை போட்டிருக்கிறார்கள். மூன்று பக்கம் கம்பி வலை, மேலே தகரம், உள்ளே ஒரு சிமெண்டு பெஞ்சும் மணல் தொட்டியும், நுழையும் இடத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. ‘புகைபிடிக்கும் பகுதி’ என்று பலகை மாட்டியிருந்தாலும் யார் வாயிலும் அந்தப் பெயர் வராது, கூண்டு என்றுதான் சொல்வார்கள். கூண்டுத் தூணில் ஒரு சங்கிலி, சங்கிலியின் நுனியில் ஒரு லைட்டர். கொதிகலன் அறையை விட்டால் வளாகத்தில் அனுமதிக்கப்பட்ட நெருப்பு அது ஒன்றுதான். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, புகையும் சிகரெட்டோடு யாரும் கோட்டைத் தாண்டாமலும், லைட்டரை யாரும் கழற்றிக்கொண்டு போகாமலும் பார்த்துக்கொள்வது என் வேலை.

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. அதை மறைக்க நான் வரவில்லை. முன்பு பெட்டி மடிக்கும் பிரிவில் இருந்தபோது யார் ஒட்டுநாடாவை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள், யார் வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். கூண்டு கட்டி முடித்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “நீதான் பெத்த தாயையே நம்ப மாட்டியே, நீ போய் அங்க உக்காரு” என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. கூண்டிலிருந்து வெளியே வருகிறவர் வணக்கம் சொன்னால்கூட, நேற்று சொல்லாத வணக்கம் இன்றைக்கு எதற்கு என்று அவர் கையைத்தான் பார்ப்பேன்.

லைட்டரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். புது லைட்டரின் கழுத்தில் செம்புக் கம்பியை முறுக்கி, அதைச் சங்கிலியில் மாட்டுவது நான்தான். நாள்பட்டுச் சுடர் சிறுத்துப்போனால், கம்பியைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுவேன். பழையதைக் குப்பையில் போட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன். கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கச் சின்னச் சுடர் போதும். இந்த டப்பா விஷயம் மேலாளருக்குத் தெரியாது.

என் கணவர் அதே ஆலையில் கிடங்குப் பொறுப்பாளர். பெட்டியாக வெட்டி மிஞ்சிய அட்டைகளையும் பழைய அட்டைகளையும் கட்டுக் கட்டாகக் கட்டி ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைக்கும் கிடங்கு அது. அவர் ஒரு காலத்தில் விடாமல் புகை பிடித்தவர். எட்டு வருஷம் முன்பு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, எனக்கும் என் மகளுக்கும் முன்னால் இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். சத்தியத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் ஆள் நான் இல்லை. தினம் சட்டையை முகர்ந்து பார்ப்பேன், பையைக் கவிழ்ப்பேன், வாயை ஊதச் சொல்வேன். அதன் பிறகு கூண்டு வேலை எனக்கு வந்தது. ஆலையில் புகை பிடிக்க இருப்பது ஒரே இடம், அதன் வாசலில் நானே உட்கார்ந்திருக்கிறேன், இனி மனிதர் எங்கே போய்ப் பிடிப்பார் என்று நினைத்து, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஆள் விஷயத்தில் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கட்டுகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் என் தங்கையின் கணவர், என் கணவருக்குச் சகலை. அவரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. தங்கைக்கு நான் பார்த்து வைத்த இடம் வேறு, அவள் போய்ச் சேர்ந்த இடம் வேறு. கூண்டுக்கு அடிக்கடி வருகிறவர்களில் அவரும் ஒருவர். வாய் நீளம், சத்தமும் பெரிது. ஒரு நாள் லாரியில் சரக்கு ஏற்றும் இடத்தில் பற்ற வைக்காத சிகரெட்டைச் சும்மா உதட்டில் வைத்திருந்ததற்கு மேலாளர் அவரை எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். அப்போது அவர், “ரொம்ப ஆடாதீங்க சார், ஒரு நாள் இந்த இடமே புகையாப் போகப் போகுது” என்று சொன்னது உண்மை. அதைப் பலரும் கேட்டார்கள்.

சம்பவத்துக்கு முதல் நாள் மதியம் சாப்பாட்டு வேளை முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் கூண்டுக்கு வந்தார். என் பக்கம் முதுகைக் காட்டி, வலையை ஒட்டி மூலையில் நின்று ஃபோனில் பேசினார். தெருமுனை வரை கேட்கப் பேசுகிறவர் அன்றைக்கு மெல்லப் பேசியதால் என் காது தானாக அந்தப் பக்கம் போயிற்று. அவர் பேசியது இவ்வளவுதான் என் காதில் விழுந்தது: “பத்த வச்சாச்சு. இனி அதுவா புகையும். நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு.” அதன் பிறகு திரும்பி என்னைப் பார்த்தவர் ஒரு கணம் திகைத்து, “என்னக்கா, காது இங்கதான் இருக்கா?” என்று சிரித்தார். “காதும் இருக்கு, கண்ணும் இருக்கு, நீங்க வேலையைப் பாருங்க மாப்ளே” என்றேன்.

மறுநாள் பிற்பகல் கிடங்கின் பின்வரிசையில் புகை வந்து, அதன் பிறகு தீயாகி, தீயணைப்பு வண்டி வருவதற்குள் கிடங்கில் பாதி போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இரண்டு உள்ளங்கையும் வெந்து, கையை முன்னால் நீட்டியபடி தரையில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் கிடங்கு வாசலுக்கு வெளியே நின்று ‘தீ, தீ’ என்று கத்திக்கொண்டிருந்தார். பொறுப்பாளர் கத்துவது இயல்புதானே என்று நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதன் பிறகு விசாரணை வந்தது. வளாகத்தில் நெருப்பு எப்படி வந்திருக்கும் என்று அதிகாரி கேட்டார். “என்னைத் தாண்டி ஒரு தீக்குச்சி போகாது சார். யாரோ வேணும்னேதான் வச்சிருக்கணும்” என்றேன். அதன் பிறகு சாம்பலில் கிடைத்தது என்று பாதி உருகிய ஒரு லைட்டரைக் காட்டினார்கள். கழுத்தில் செம்புக் கம்பி இருந்தது. “இது கூண்டு லைட்டர், இந்த முறுக்கு என் கை முறுக்கு” என்றேன். அதன் பிறகுதான் முதல் நாள் என் காதில் விழுந்ததைச் சொன்னேன். எழுத்தர் எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். “‘நான் தீ வைத்துவிட்டேன், இனி அது தானாகவே எரியும், நீ ஏதும் அறியாதது போல் இருந்துகொள்’ என எதிரி தொலைபேசியில் கூறியதை நான் நேரில் கேட்டேன்.” என் பேச்சு இவ்வளவு கம்பீரமாக இருக்குமா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. ‘பத்த வச்சாச்சு’ என்பது ‘தீ வைத்துவிட்டேன்’ என்று ஆனதையும், ‘புகையும்’ என்பது ‘எரியும்’ என்று ஆனதையும் நான் கவனிக்கவில்லை. எழுத்தர் மேல் குற்றம் சொல்லவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, நல்ல தமிழில் எழுதினார். கையெழுத்துப் போட்டது நான்.

அன்று மாலையே தங்கை கணவரைக் கூட்டிப் போனார்கள். கை எப்படி வெந்தது என்று கேட்டதற்கு, புகைந்த கட்டுகளை இழுத்துப் போட்டேன் என்றார். யாரிடம் ஃபோனில் பேசினாய் என்று கேட்டதற்கு, பெண்டாட்டியிடம் என்றார். எதைப் பற்றி என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. குற்றம் செய்தவன் கண்ணில் கோபம் இருக்காது என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு ஆலையை மூடினார்கள். நானும் என் கணவரும் வீட்டில் இருந்தோம். அவர் அதிகம் பேசவில்லை. வேலை போய்விடுமோ என்ற கவலை என்று நினைத்தேன். சகலையைப் பார்க்கப் போகலாமா என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது உண்மை. ஆனால், தீ வைத்தவனைப் பார்க்க எப்படி மனம் வரும் என்று அதையும் நானே சமாதானம் செய்துகொண்டேன்.

நேற்று காலை என் தங்கை வந்தாள். கணவர் கைதான நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, மாமா எங்கே என்று கேட்டாள். வெளியே போயிருக்கிறார் என்றேன்.

“அதுவும் நல்லதுதான். அக்கா, அவரு பத்த வச்சது நெருப்பு இல்ல. உன் பொண்ணுகிட்டப் பத்த வச்சாரு.”

“என்னத்த?”

“மாமா கிடங்குல, அட்டைக் கட்டுக்கு நடுவுல நின்னு தம் அடிக்கிறாருன்னு. இவரு ரெண்டு மூணு தடவை கண்ணால பாத்து, வேணாம் சகலைன்னு கெஞ்சியிருக்காரு. கேக்கல. உன்கிட்டச் சொன்னா வீடு ரெண்டாயிடும். மேலாளர்கிட்டச் சொன்னா மாமாவுக்கு வேலை போயிடும். பொண்ணு சொன்னாத்தான் மனுஷன் கேப்பாருன்னு அவகிட்டப் போட்டுக் குடுத்தாரு. அதைத்தான் எனக்கு ஃபோன்ல சொன்னாரு. நீ ஒட்டுக் கேட்டியே, அது.”

நான், “புருஷனைக் காப்பாத்த இப்ப வந்து கதை கட்டறியா? பத்த வச்சாச்சுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“உனக்கா தெரியாது? சின்ன வயசுல நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டா, அன்னைக்கே நீ அப்பாகிட்டப் பத்த வைப்பியே, அப்ப என்ன வீடா எரிஞ்சுது? எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுத்ததே நீதான்கா.”

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. தங்கை சிரிக்கவில்லை. அப்படியானால் இதைக் காவல் நிலையத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்று அவள் கணவர் தடுத்துவிட்டதாகச் சொன்னாள். “‘சகலைக்கு நெஞ்சு சரியில்ல, ஸ்டேஷன் படி ஏறினாலே ஆளு போயிடுவாரு. அவராவே ஒரு நாள் வந்து சொல்லுவாரு, நீ அவசரப்படாதே’ன்னாரு. இவரு உள்ள உக்காந்து காத்துக்கிட்டிருக்காரு. மாமா இங்க உன் கையால சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. அவரு ரெண்டு கைக்கும் கட்டுப் போட்டிருக்குக்கா. பக்கத்துல இருக்கிற கைதிதான் ஊட்டி விடறாராம்.” போகும்போது வாசலில் நின்று, “ஊரையே மோந்து பாக்கிறவ, வீட்டுல இருக்கிறவரை மோந்து பாக்காமப் போனியே” என்றாள்.

அவள் போன பிறகும் நான் நம்பவில்லை. கட்டியவனுக்காக எவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். என் மகளுக்கு ஃபோன் செய்து, சித்தப்பா உன்னிடம் அப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேட்டேன். அவள், “அப்பா உன்கிட்டச் சொல்லிட்டாராம்மா?” என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். சித்தப்பா சொன்ன அன்று ராத்திரியே அப்பாவுக்கு ஃபோன் செய்து அழுது திட்டினாளாம், நாளையோடு நிறுத்திவிடுகிறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னாராம். சித்தப்பாவைக் கூட்டிப் போனதிலிருந்து தினமும் ஃபோன் செய்து, நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்று அவரிடம் மன்றாடியிருக்கிறாள். தினமும் நாளைக்கு என்றாராம். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

இன்று காலை துவைக்க எடுத்தபோது அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்தேன். சிகரெட் வாசனை அடித்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கூண்டு வேலைக்குப் போன நாளிலிருந்து என் புடவை, தலைமுடி, தலையணை எல்லாவற்றிலும் அந்த நாற்றம்தான். முதலில் தலைவலி வந்தது, அதன் பிறகு பழகிப்போய், மூக்கே செத்துவிட்டது. வீட்டில் எப்போதாவது புகை வாசனை வருவது போலிருந்து நான் நிமிர்ந்தால், என் கணவர், “உன் புடவைதான் நாறுது, வெளியில உதறிட்டு வா” என்பார். நானும் போய் உதறிவிட்டு வருவேன். எத்தனையோ நாள் அந்தப் புடவையை இரண்டு முறை சோப்புப் போட்டு அலசியிருக்கிறேன். ஆலை மூடிய பிறகு நான் கூண்டுப் பக்கமே போகவில்லை. புடவைகள் எல்லாம் துவைத்து மடித்து இருக்கின்றன. மூக்கு திரும்பி வந்துவிட்டது. சட்டையில் அடித்தது என் வாசனை இல்லை. அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அவர் புகைத்ததற்காக இல்லை, என்னைப் புடவை உதற வைத்ததற்காக.

அதன் பிறகு அடுப்புப் பலகையில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தேன். கடைசியாக நான் கொண்டுவந்து போட்ட லைட்டர் அதில் இல்லை. உங்களிடம் இருக்கும் லைட்டரை இப்போது எடுத்துப் பாருங்கள். கம்பியின் நுனி கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருக்கும். கூண்டிலிருந்து திருடியதாக இருந்தால் இழுத்துப் பிய்த்ததாக இருக்கும். அது மட்டும் இல்லை, தீ அணைந்த பிறகு நான் என் நாற்காலியை எடுக்கப் போனபோது கூண்டு லைட்டர் சங்கிலியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் சாம்பலில் கிடந்தது எது என்று நீங்களும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற நானும் யோசிக்கவில்லை. வாசலை எப்படித் தாண்டியது என்று கேட்டால், சாப்பாட்டு டப்பாவில் போயிருக்கிறது. வாசல் காவலர் என் கணவரை மட்டும் சோதிப்பதில்லை. “கூண்டக்கா வீட்டுக்காரரை நான் சோதிச்சா, அக்கா என்னைச் சோதிச்சுடும்” என்று அவர் கேலியாகச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுப்பதும் நான்தான்.

என் கணவர் அப்போது கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பிஸ்கட் டப்பாவை அந்தச் செய்தித்தாள் மேல் வைத்தேன்.

“இதுல ஒண்ணு குறையுது” என்றேன்.

“எண்ணி வச்சிருக்கியா?” என்று கேட்டார்.

“நான் எண்ணி வைக்காத பொருள் இந்த வீட்டுல என்ன இருக்கு?”

அவர் வெட்டிய நகங்களை ஒன்றாகச் சேர்த்து மடித்தார். அதன் பிறகு, “நான் எங்கடி போய்ப் பிடிக்கிறது? பஸ்ஸுல தடை, தெருவுல தடை, ஆலை பூரா தடை. வீட்டுல நீ. மிச்சம் இருக்கிறது ஒரு கூண்டு. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் அங்க போய் ஊதிட்டு வரான். எனக்கு மட்டும் அதுவும் இல்ல. அங்கயும் நாற்காலி போட்டு நீ உக்காந்திருக்க” என்றார்.

 அதன் பிறகு அவரே நடந்ததைச் சொன்னார். மகள் அழுததைக் கேட்டு, இதுதான் கடைசி என்று முடிவு செய்துகொண்டு கிடங்கின் பின்வரிசைக்குப் போயிருக்கிறார். பாதி பிடித்தபோது ஃபோர்க்லிஃப்ட் வரும் சத்தம் கேட்டதும், சகலை பார்த்தால் மறுபடி மகளிடம் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் சிகரெட்டைக் கட்டுகளின் சந்தில் திணித்திருக்கிறார். லைட்டரும் கை தவறி அங்கேயே விழுந்துவிட்டது. அடுத்த கதவு வழியாக வெளியே வந்துவிட்டார். அணைந்திருக்கும் என்று நினைத்தாராம். புகையைப் பார்த்து உள்ளே ஓடியது சகலை. வெளியே நின்று கத்தியது இவர்.

“அவரு கை வெந்ததைப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“பாத்தேன்.”

“பாத்துட்டு எப்படிச் சாப்பிட்டீங்க?”

அவர் தலையைத் தூக்கவில்லை. “சகலை சொல்ல மாட்டாருடி. ஆதாரம் இல்லாம எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க?” என்றார்.

“ஆதாரமே நான்தானே” என்றேன்.

காவல் நிலையத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் முகம் மழித்து, சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். “நீ மட்டும் போனா நான் ஓடிட்டேன்னு நெனைப்பாங்க, நானும் வரேன்” என்றார். அதன் பிறகு அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒன்றுதான் இருந்தது. கொல்லைப் பக்கம் போகத் திரும்பியவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, இங்கேயே பிடியுங்கள் என்றேன். டப்பாவில் இருந்த லைட்டர் எதுவும் பிடிக்கவில்லை. நான் தீக்குச்சியை உரசி, எட்டு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு நானே பற்ற வைத்தேன். அவர் சமையலறை ஜன்னலோரம் நின்று இருமி இருமிப் பிடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். அதன் பிறகு இருவரும் பஸ் ஏறி இங்கே வந்தோம்.

கணவருக்கு எதிராகச் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும் என்ன கட்டாயம் என்று கேட்டேன். எனக்கு என் கணவர் மேல் கோபம் இல்லை என்று எழுத வேண்டாம். கோபம் இருக்கிறது. அவர் மேல் பிரியம் இல்லை என்றும் எழுத வேண்டாம். அவர் வெளியே, புகை பிடிக்கக் கூடாது என்ற பலகைக்குக் கீழே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டால் வருவார். சட்டைப் பையில் நெஞ்சு வலிக்கான மாத்திரை வைத்திருக்கிறார். பையில் இருப்பதை எல்லாம் வாங்கி வைக்கும்போது அதை மட்டும் அவரிடமே விட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கை கணவரை இன்றைக்கே விட வழி உண்டா என்றும் கேட்டேன். நீதிமன்றத்தில் சொல்லி ஆவன செய்வதாக அதிகாரி சொன்னார்.

இவ்வளவும் சொல்லி முடித்து, “முன்னே அவரு என் பொண்ணுகிட்டப் பத்த வச்சாரு, இப்ப நான் உங்ககிட்ட வந்து பத்த வச்சிட்டேன்” என்றேன். எழுத்தர் பேனாவை நிறுத்தி, “அக்கா, சமையலறையில பத்த வச்சீங்க, இங்கயும் பத்த வச்சேங்கறீங்க. இந்த ரெண்டாவதை எப்படி எழுதட்டும்?” என்று கேட்டார். “சொன்னபடியே எழுதுங்க. அர்த்தம் தெரியாதவங்க இந்தத் தடவை என்னையே கூப்பிட்டுக் கேக்கட்டும்” என்றேன்.

மேலே உள்ளவை நான் என் வாயால் சொன்னவை. இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், ஒரு சொல்லும் மாறவில்லை. அத்தனையும் உண்மை. தொடக்கத்தில் என் கணவர் பெயரைக் குறித்து ‘மாற்றம் இல்லை’ என்று எழுதியிருப்பதை இனியும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று எழுத்தர் கேட்டார். அப்படியே இருக்கட்டும், மாற்றம் இல்லை என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)